சரிபார்த்தவர்: ஆர்.எஸ்.

ராமசுப்ரமணியன் அதை வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகவே செய்திருப்பார்.

வெள்ளையம்பலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி. நீர்வண்ண வகுப்பின் மூன்றாவது சனிக்கிழமை, டீ இடைவேளை. எல்லோரும் பால்கனியில் நின்று நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே நீள மேசைகளில் படங்கள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. கை கழுவப் போனவர் மூன்றாவது மேசையருகில் நின்றார். அந்தப் படத்தில் இருந்தது ஏரியாக இருக்கலாம், கடலாக இருக்கலாம், நனைந்த போர்வையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதன் தொடுவானம் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தண்ணீர் அப்படி நிற்காது. முப்பத்துநாலு வருஷம் குடிநீர்க் குழாய்களின் வரைபடங்களோடு வாழ்ந்தவருக்கு, வேறு எது தெரியாவிட்டாலும் தண்ணீர் எப்படி நிற்கும் என்பது தெரியும்.

அவர் கை சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தது. தொடுவானத்தின் வலது முனையில் ஒரு சின்ன வட்டம் போட்டது. வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பிறகு கீழே வலது மூலைக்கு இறங்கி, 'சரிபார்த்தவர்: ஆர்.எஸ்.' என்று தேதியோடு கையெழுத்திட்டது. காகிதம் இன்னும் ஈரமாக இருந்ததால் பென்சில் முனை அதை வயல் மாதிரி உழுதிருந்தது.

யாருடைய படம் என்று தெரியாமல் செய்துவிட்டார் என்று சொன்னால் அவருக்கு நல்லதாக இருக்கும். ஆனால் தெரியும். மூன்றாவது மேசை சுப்புலக்ஷ்மியுடையது. அவள் முதுகுக்குப் பின்னால் நாலாவது மேசையில் உட்காருவதற்காகத்தான் அவர் இந்த வகுப்பிலேயே சேர்ந்திருந்தார்.

சுப்புலக்ஷ்மி டீ கிளாஸோடு உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள். அவரையும், அவர் கையிலிருந்த பென்சிலையும் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"நாலு மில்லிமீட்டர்," என்றவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாலரைகூட இருக்கும்."

ஆசிரியை ராகேல் பின்னாலேயே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயசிருக்கும், போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் வீட்டுப் பெண், ஓவியக் கல்லூரியில் படித்து வந்தவள். கத்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "அய்யோ, இது யாரு பண்ணினது மாமி?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்காத்துக்காரர்."

பால்கனியில் பழம்பொரி மெல்லுகிற சத்தம் நின்றது. இவர்கள் இரண்டு பேரும் புருஷன் பெண்சாதி என்று மூன்று வாரமாக அங்கே யாருக்கும் தெரியாது. முதல் நாள் உள்ளே வந்து நாலாவது மேசையில் அவரைப் பார்த்தபோதுகூட சுப்புலக்ஷ்மி, "கேஸ் சிலிண்டர் வந்துதா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு உட்கார்ந்தவள்தான்.

"சாரமில்ல மாமி, பரவாயில்ல," என்றாள் ராகேல். "இது கலப்பு ஊடகமாக்கும். அந்த இடத்துல ஒரு பேப்பர் துண்டு கிழிச்சு ஒட்டினா மறைஞ்சிரும், கேட்டோ."

சுப்புலக்ஷ்மி எதையும் ஒட்டவில்லை. காகிதத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் புதிதாகத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தாள்.

அன்று கிழக்கேகோட்டை பஸ்ஸில் திரும்பி வரும்போது ராமசுப்ரமணியனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் வாயோரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது. 'எங்காத்துக்காரர்' என்றுதானே சொன்னாள்? தெரிந்தவர் என்று சொல்லியிருக்கலாம். யாரோ ஒரு கிழவர் என்றும் சொல்லியிருக்கலாம், அதற்கும் முகாந்திரம் இருந்தது. சொல்லவில்லையே. முழுகுகிறவனுக்கு எதிரில் மிதப்பதெல்லாம் கட்டையாகத்தான் தெரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை சுப்புலக்ஷ்மி அதே ஊரிலிருக்கும் கரமனைக்குப் போனாள். சித்தி பெண் பேரனைப் பார்க்க அமெரிக்கா போகிறாள், பிளாட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட ஆளில்லை, "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றாள். ஒரு பை நிறையப் புடவைகள். அவர் அந்தப் பையை ஆட்டோவில் வைத்து, விழாமல் இருக்குமா என்று இரண்டு தரம் அசைத்தும் பார்த்தார். பத்து நாள் கழித்து அவள் வந்து மிக்ஸியை எடுத்துக்கொண்டு போனாள். புடவை போனபோது அவர் பயப்படவில்லை. மிக்ஸி போனபோதுதான் பயந்தார். சித்தி பெண் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தாள். செடிகள் நன்றாக இருந்தனவாம். சுப்புலக்ஷ்மி மட்டும் திரும்பவில்லை.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் எந்த இடத்தில் உடைந்தது என்று பார்த்து அடைத்திருக்கலாம். அவருக்கு அந்த வேலை தெரியும். அலுவலகத்தில் ஒவ்வொரு வரைபடத்தின் வலது மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். கடைசிப் பதினைந்து வருஷம் நடுக்கட்டத்தில் இருந்தது அவருடைய இரண்டு எழுத்துத்தான். அது விழாமல் எந்தக் குழாயும் மண்ணுக்குள் இறங்கியதில்லை. ஐம்பத்தாறு வயசில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வரைபடங்கள் அங்கேயே நின்றுவிட்டன, பென்சில் கூடவே வந்துவிட்டது. சரிபார்க்க வீடுதான் மிச்சம் இருந்தது. பால் அட்டை, அரிசி டப்பாவின் அளவு, இட்லி மாவின் புளிப்பு, பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற அவள் பூர்த்தி செய்த பேங்க் பாரம், மகள் ஆஷாவின் கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் மூன்று தப்புக் கண்டுபிடித்தார். அதை அவர் இன்றுவரை ஒரு சாதனையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

எப்போது வருவாய் என்று அவளிடம் கேட்டுப் பார்த்தார். "பாக்கலாம்," என்றாள். புனேயில் இருக்கும் ஆஷாவிடம் கேட்டார்.

"அப்பா, அம்மாவுக்குக் கொஞ்சம் டைம் குடுங்கோ."

"குடுக்கறேன். எவ்வளவுன்னு சொல்லு."

"அதெல்லாம் அப்படிச் சொல்ல முடியாதுப்பா."

"சரி, தோராயமா. கூடக்குறைய ஒரு மாசம்னு வெச்சுக்கலாமா?"

ஆஷா பெருமூச்சு விட்டாள். அவளுடைய பெருமூச்சும் அம்மாவுடையதைப் போலவே நீளமாக இருந்தது. பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, அம்மா சனிக்கிழமைதோறும் பெயிண்டிங் கிளாஸ் போகப் போகிறாள் என்று சொல்லி, அந்த விளம்பரத்தையும் போனில் அனுப்பிவிட்டாள். பயமில்லாமல் வரையலாம், கை தளர்ந்த, துணிச்சலான நீர்வண்ணமும் கலப்பு ஊடகமும், எட்டு சனிக்கிழமைகள். ராமசுப்ரமணியன் அதைப் பெரிதாக்கி நாலு தடவை படித்தார். ஓ, இதுதான் விஷயம். அவளுக்கு வேண்டியது தளர்வு. அதற்குப் பாடத்திட்டம் இருக்கிறது, ஆசிரியை இருக்கிறாள், எட்டு வாரக் கெடுவும் இருக்கிறது. இலாகாத் தேர்வுகள் பதினொன்று எழுதி எல்லாவற்றிலும் தேறியவர் அவர். சேர்ந்துவிட்டார்.

முதல் நாளே ராகேல் அவருடைய ஸ்கேலையும் ரப்பரையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். "நான் போனக்காட்டுக்காரி சார். எங்க ஊர்ல மஞ்ஞு இறங்கிச்சுன்னா எதிர்ல மலை இருக்கா இல்லையான்னே தெரியாது. அங்க ஸ்கேல் வெச்சு என்ன பண்ண? பெரிய பிரஷ் எடுங்க. பேப்பர் நனையட்டும். கலர் எங்க போகுதோ போகட்டும். லூஸா விடுங்க."

"நம்ம ஊர்ல லூஸுன்னா வேற அர்த்தம்லா அண்ணாச்சி," என்றான் பக்கத்து மேசை விஜய்குமார். வள்ளியூர்க்காரன், டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. அந்த மாடிக்குத் தரை போட வந்தவன் வகுப்பை ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். தரை முடிந்த பிறகும் போகவில்லை. அவன் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி ஒரு வீச்சு வீசினால் காகிதத்தில் ஒரு கொக்கு எழுந்து பறக்கும். வாரம் முழுக்க ரசமட்டம் பிடித்து உட்காருகிறவன் சனிக்கிழமை இப்படிப் பறந்தால், அது ராமசுப்ரமணியனுக்குத் தனிப்பட்ட துரோகமாகவே பட்டது.

சிவப்புப் பென்சில் விவகாரத்துக்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பதால் பயனில்லை, முன்பும் கேட்டிருக்கிறார். மாறிவிட்டதைக் காட்ட வேண்டும். காகிதத்தில், அவள் கண் முன்னால், மறுக்க முடியாதபடி காட்ட வேண்டும். கோட்டைக்குள்ளிருக்கும் அக்ரஹார வீட்டில், சாப்பாட்டு மேசையை இழுத்துப்போட்டு, தளர்வுக்கு ஒரு செயல்முறை எழுதினார்.

படி ஒன்று: காகிதம் முழுவதும் தண்ணீர், இரண்டங்குல பிரஷ். படி இரண்டு: நீலம், இடமிருந்து வலம், ஒரே மூச்சில். படி மூன்று: பலகையைப் பதினைந்து டிகிரி சாய்த்து எட்டு வினாடி பிடிக்கவும். படி நான்கு: ஈரம் பாதி காய்ந்ததும் பழுப்பில் கோபுரம், ஆறு வீச்சு, ஏழாவது கூடாது. படி ஐந்து: மேல் இடது மூலையில் தற்செயலாக மூன்று சொட்டு.

அந்த வாரம் நாற்பத்தொரு தடவை தற்செயலாக மூன்று சொட்டுப் போட்டார். சாதம் குழைந்தது, ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது, தெருக் குழந்தைகள் ஸ்கூலிலிருந்து திரும்புகிற நேரத்துக்குத்தான் காலைக் காப்பி ஞாபகம் வந்தது. முற்றத்துத் துணிக்கொடியில் நாற்பத்தொரு கோபுரங்கள் கிளிப்பில் தொங்கின. பூ கொண்டுவரும் உலகம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"சாமிக்கு என்ன ஆச்சு? மாமி எப்ப வருவாங்க?"

"அதுக்குத்தான் காயப் போட்டிருக்கேன்," என்றார்.

நாலாவது சனிக்கிழமை, எல்லோரும் பார்க்க, அவர் எழுந்து நின்றே வரைந்தார். தண்ணீர் ஓடியது, நீலம் பரவியது, கோபுரம் மூடுபனிக்குள் பாதி கரைந்து நின்றது. கடைசியில் பிரஷ்ஷை அலட்சியமாக உதறினார். மூன்று சொட்டு.

"கொள்ளாமே சார், நல்லா வந்திருக்கே," என்றாள் ராகேல், உண்மையான சந்தோஷத்தோடு. "எந்தா ஒரு தைரியம்."

சுப்புலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். மூன்று வினாடி. அவர் எண்ணினார்.

மூன்று வினாடிக்கு எவ்வளவு அர்த்தம் உண்டோ, அதைவிடப் பத்து மடங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஐந்தாவது சனிக்கிழமை படகு வரையச் சொன்னார்கள். படகை நடுவில் வைத்து, பின்னால் கோபுரத்தை வரைந்தார். ஆறாவது சனிக்கிழமை மழையில் பஸ் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோபுரம் இருப்பது நியாயம்தானே. வேறு எதையும் அவரால் தைரியமாக வரைய முடியாது என்பது ஒரு சின்ன சிக்கல். தைரியத்தை ஒரே ஒரு படத்துக்குத்தான் பழகியிருந்தார்.

ஏழாவது சனிக்கிழமை ராகேல் எல்லோருடைய கடைசி மூன்று வாரப் படங்களையும் சுவரில் வரிசையாக ஒட்டினாள். ராமசுப்ரமணியனுடைய மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மூன்றிலும் கோபுரம் ஒரே இடத்தில் கரைந்தது. மூன்றிலும் நீலம் ஒரே மூலையில் ஒழுகியது. மேல் இடது மூலையில் மூன்று சொட்டு, மூன்று சொட்டு, மூன்று சொட்டு. நடுச் சொட்டு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பெரிசு.

விஜய்குமார் சுவரருகே போய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அண்ணாச்சி, இது ஜெராக்ஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராகேல் உதட்டைக் கடித்து முடிந்தவரை அடக்கினாள். ராமசுப்ரமணியன் தரையைப் பார்த்து நின்றார். தரை நன்றாகத்தான் போட்டிருந்தான் மேஸ்திரி, ஒரு ஓடுகூட ஏறி இறங்கவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுப்புலக்ஷ்மி சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

"ஒத்திகை பார்த்தேளா?" என்று திணறியபடி கேட்டாள். "எத்தனை தரம்?"

"நாற்பத்தொண்ணு."

அவள் மறுபடி சிரித்தாள். அவரும் சிரித்தார். மொத்த வகுப்பும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, ஐந்து மாதத்தில் அதைவிட நல்ல நாள் அவருக்கு வாய்த்ததில்லை.

அந்த ஒரு வாரம் அவரைப் பிடிக்க முடியவில்லை. அவள் தலையணை உறையைத் துவைத்துப் போட்டார். சாலைக் கடைத்தெருவில் அவள் வழக்கமாக வாங்குகிற கடைக்குப் போய், அவள் வாங்குகிற கலவையிலேயே காப்பிப் பொடி அரை கிலோ அரைத்து வாங்கி வந்தார். அவள் பக்கத்து அலமாரித் தட்டைத் துடைத்து, அதில் தான் போட்டிருந்த பழைய கோப்புகளை எடுத்துப் பரண்மேல் ஏற்றினார். செவ்வாய்க்கிழமை போன் செய்தார்.

"சுப்பு, தலையணை உறை துவைச்சாச்சு."

"சரி."

"அதான், எப்போன்னு தெரிஞ்சா..."

"பாக்கலாம்," என்றாள். கோபமில்லை. அந்தக் குரலில் ஒரு குண்டூசி மாட்டக்கூட ஓரம் இல்லை.

தலையணை உறை கொடியில் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் முழுக்க எழுந்திருக்கவில்லை. அலுவலகத்தில் எத்தனையோ பேர் பயந்து பயந்து வரைபடத்தை நீட்டி, 'பாஸா சார்?' என்று முகத்தையே பார்த்து நிற்பார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, 'வெச்சுட்டுப் போங்கோ' என்பார். இப்போது அவர் அந்தப் பக்கம் நிற்கிறார். அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு நாற்காலி கிடையாது என்பதே இன்றுதான் தெரிந்தது.

விஜய்குமாருக்கு போன் போட்டார். அவன் மேசை அவள் மேசைக்கும் பக்கம்தான், பேச்சோடு பேச்சாக ஏதாவது காதில் விழுந்திருக்கும்.

"அண்ணாச்சி, நான் தரைக்கு மட்டம் பாக்கிறவன். குடும்பத்துக்கு மட்டம் பாக்க எனக்குத் தெரியாது."

"சும்மா ஒரு வார்த்தை, விஜய்குமார். வருவேன்னு சொன்னாளா, வரமாட்டேன்னு சொன்னாளா?"

"என்னத்தையாவது சொல்லி நான் ஏம் மாட்டணும்? என் வீட்டுக்காரி பிரேமாட்ட இன்னைக்கி ராத்திரி என்ன குழம்புன்னு கேட்டாலே பதில் வராது. நீங்க அவங்கட்டயே கேளுங்க."

ராகேலுக்கும் போன் போட்டார். போட்ட பிறகு வெட்கமாக இருந்தது, ஆனால் மணி அடித்துவிட்டது.

"சார், ஈரத்துல தொட்டா படம் கெட்டுப்போகும்," என்றாள் அவள் மென்மையாக. "காயட்டும்."

"காய எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"அது காத்தைப் பொறுத்தது சார்."

உலகம் முழுக்க இப்படித்தான் பேசுகிறது என்று அவருக்குத் தோன்றியது. எல்லோரும் காகிதத்தை நனைத்துவைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எந்த வார்த்தைக்கும் ஓரம் கிடையாது.

எட்டாவது, கடைசிச் சனிக்கிழமை. எல்லோரையும் வேனில் பொன்முடிக்கு அழைத்துப்போனாள் ராகேல். ராமசுப்ரமணியன் சுப்புலக்ஷ்மிக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தார். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு. ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்த ஏற்பாடு: முன்கூட்டியே கிழித்த செய்தித்தாள் துண்டுகள் ஒன்பது. அலட்சியமாகக் கிழித்த மாதிரி இருக்க வேண்டும் என்று இருபது முப்பது துண்டு கிழித்து அதில் தேர்ந்தெடுத்தவை. எது எங்கே வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண். கலப்பு ஊடகம் என்று ராகேல் சொல்லியிருந்தாளே. இந்தத் தடவை கோபுரம் இல்லை. மலை. மலைக்குக் கீழே ஒரு வீடு. வீட்டு வாசலில் இரண்டு பேர். படத்தை முடித்து சுப்புலக்ஷ்மி கையில் கொடுத்து, அங்கேயே கேட்டுவிடுவது என்று திட்டம்.

மேலே மஞ்சு இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. புல்வெளியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"இருபது நிமிஷம்," என்றாள் ராகேல். "பென்சில் இல்ல. திருத்தறது இல்ல. கீழ கிடக்கிற மண்ணு, இலை, எது வேணாலும் எடுத்துக்கலாம். தெரியறதை மட்டும் வரைங்க."

ராமசுப்ரமணியன் தண்ணீர் அடித்தார். நீலம் போட்டார். பலகையைச் சாய்த்து எட்டு எண்ணினார். வீட்டில் எட்டு எண்ணினால் நிற்கிற நீலம் இங்கே நிற்கவில்லை. மலைக்காற்றே ஈரமாக இருந்தது. நீலம் ஓடிக்கொண்டே இருந்தது. மலை ஒழுகியது. வீட்டுக்கென்று விட்டிருந்த வெள்ளை இடம் கண் முன்னாலேயே மூழ்கியது. பதற்றத்தில் துண்டுகளை எடுத்தார். ஒட்டினால் தாங்கிவிடும், ஒன்றும் இரண்டும் ஒட்டினால் கூரை நிற்கும். பையைத் திறந்த அந்தக் கணத்தில் காற்று வந்தது.

ஐம்பத்தொன்பது வயசுக்காரர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பொன்முடிப் புல்வெளியில் காகிதத் துண்டுகளைத் துரத்தி ஓடினார். வழுக்கி விழுந்தார். எழுந்து மறுபடி ஓடினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. நாலு துண்டு மஞ்சுக்குள் போய்விட்டது. மூன்று சேற்றில். ஒன்று அவர் முழங்காலுக்கடியில். கடைசி ஒன்று பறந்து போய்ச் சுப்புலக்ஷ்மியின் விரிப்பில் விழுந்தது. அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆறா?"

"அது வாசல்," என்றார் மூச்சிரைக்க. "வலது பக்கம் கீழே வரணும்."

அவள் விரிப்பின் ஓரத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். வேட்டி முழங்கால் வரை ஈரமும் மண்ணுமாக இருந்தது. அவள் படத்தை அப்போதுதான் பார்த்தார். பெரிய வெள்ளை, அதில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வீச்சு, ஓரத்தில் விரலால் தேய்த்த சேறு. தெரிவதை மட்டும் வரைந்திருந்தாள். எந்த இடத்திலும் எதுவும் நேராக இல்லை. திருத்த ஓர் இடம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பது அவருக்குப் பயமாக இருந்தது.

"சுப்பு," என்றார். குரல் அவர் திட்டமிட்ட குரலாக இல்லை. "எட்டு சனிக்கிழமை வந்துட்டேன். ஒரு நாள்கூட விடலை. எனக்கு இது வரலை. வராதுன்னு இப்பத் தெரியறது. நான் மாறிட்டேன்னு உனக்குக் காட்டணும்னு அதையும் நம்பர் போட்டுக் கொண்டுவந்தேன். எனக்கு வேற வழி தெரியலை. உன்னைக் கையெடுத்துக் கேட்டுக்கறேன். டைம் வேணும், பாக்கலாம், காயட்டும், இதெல்லாம் எனக்குப் புரியலை. வீட்டுல ஒவ்வொரு தரம் கேட் சத்தம் கேக்கறச்சேயும் எழுந்து போறேன். பால்காரன், போஸ்ட்மேன், பக்கத்தாத்துப் பூனை. எல்லாத்துக்கும் எழுந்து போறேன். என்னால முடியலை. எதுவா இருந்தாலும் சொல்லிடு. எப்ப வரே?"

அவள் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினாள். துணியில் துடைத்தாள். அவசரப்படவில்லை. பிறகு, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, அவர் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சொன்னா தாங்கிப்பேளா?"

"தாங்கிப்பேன். தாங்கலைன்னாலும் சொல்லு."

"உங்க மேல கோபம் இல்லை. அன்னிக்குச் சிரிச்சேனே, அது நிஜமான சிரிப்பு. நீங்க கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம்னா ராத்திரி முழுக்க முழிச்சிண்டு உட்காருவேள், அதெல்லாம் நான் மறக்கலை. அதனாலதான் இத்தனை நாள் வாய் வரலை. பாக்கலாம், பாக்கலாம்னு உங்களை இழுத்தடிச்சது என் தப்பு." பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "முப்பத்தொரு வருஷம் படுக்கப் போறதுக்கு முன்னாடி நான் வாசல்கதவைப் பூட்டுவேன். நீங்க எழுந்து போய் இழுத்துப் பாத்துட்டு வருவேள். ஒரு நாள் விடாம. கரமனைக்குப் போன அன்னிக்கு நான் கதவைப் பூட்டிட்டு வந்து படுத்துண்டேன். யாரும் எழுந்து போகலை. கொஞ்ச நேரம் காத்திண்டே இருந்தேன், பழக்கம். அப்புறம் தூங்கிட்டேன். கார்த்தால பாத்தா கதவு பூட்டியேதான் இருந்தது."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையை லேசாக உயர்த்தினாள், அவர் மூடிக்கொண்டார்.

"சித்தி பொண் இருக்கற அதே பில்டிங்ல ரெண்டாவது மாடில எனக்குன்னு ஒரு வீடு எடுத்தாச்சு. வர வியாழக்கிழமை பால் காய்ச்சறேன். ஆஷாவுக்குத் தெரியும், உங்ககிட்ட நானே சொல்லணும்னுதான் அவ சொல்லலை. நீங்க கரமனைக்கு வரலாம், காப்பி சாப்பிடலாம், உடம்புக்கு ஏதாவதுன்னா நான் ஓடி வருவேன். ஆனா குடித்தனத்துக்கு அந்த ஆத்துக்கு நான் வரமாட்டேன்."

"இந்த மாசம்..."

"இந்த மாசம் இல்லை, அடுத்த மாசம் இல்லை. எப்பவுமே வரமாட்டேன்."